ஏனுங்க, திருடிக்கட்டுங்களா?

கயல்விழியின் மணி பிளான்ட்டை நான் கட்டிங் பிளேயரால் கொன்றேன். கோபத்தில் இல்லை, போதையில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இட்லி சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு, மிகுந்த நல்லெண்ணத்துடன்.

செல்வபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மாடியில் மூன்று போர்ஷன். நடுவில் நான். இடப்பக்கம் கயல்விழியும் அவள் அம்மா மாசாணியம்மாளும். வலப்பக்கம் சபுரா அக்கா வீடு. மூன்று வாசலுக்கும் பொதுவாக ஒரு நீள வராந்தா. கயல்விழி தன் வாசலோரம் வைத்திருந்த தொட்டியிலிருந்து கிளம்பிய கொடி, சுவரில் ஓடும் பழைய கேபிள் டிவி ஒயரைப் பற்றிக்கொண்டு, அவள் கதவைத் தாண்டி, என் கதவுக்கு மேலே வந்து, இரண்டு இலைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது. தினமும் வேலைக்குக் கிளம்பும்போது அதில் ஒரு இலை என் உச்சந்தலையைத் தொடும். முப்பத்தொன்பது வயதாகியும் கல்யாணமாகாதவனை வேறு யார் தொட்டு வழியனுப்புகிறார்கள்?

வீட்டுக்கு ஃபைபர் நெட் வந்ததிலிருந்து அந்தக் கேபிள் ஒயர் வெறுமனே கிடந்தது. அதை எடுத்துவிட்டால் சுவர் பளிச்சென்று இருக்கும், ஊருக்குப் போயிருக்கும் கயல்விழி திரும்பி வந்து பார்த்து ‘அட’ என்பாள் என்று எனக்குத் தோன்றியது. நான் பம்ப்செட் கம்பெனியில் சர்வீஸ் ஆள். மற்றவர்கள் பேன்ட் பையில் சீப்பு வைத்திருப்பதுபோல நான் கட்டிங் பிளேயர் வைத்திருப்பேன். தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்து, இலைகளுக்குள் கையைவிட்டு, ஒயர் என்று தட்டுப்பட்டதை ஒரே அமுக்கு.

கேபிள் ஒயருக்குள் கம்பி இருக்க வேண்டும். இதில் தண்ணீர் வந்தது.

கொடியின் அடியை வெட்டியிருந்தேன். இந்தப் பக்கம் தொட்டியில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஒரு கட்டை. அந்தப் பக்கம் என் வாசல்வரை போகும் முழுக் கொடி, தனக்கு என்ன ஆயிற்று என்றே தெரியாமல், பச்சைப்பசேலென்று.

ஒரு செடிக்கு இவ்வளவு பதறுவானா என்று நீங்கள் கேட்கலாம். இதற்குப் பத்து நாள் முன்னால், குழாயடியில் சிறுவாணித் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது, நான் கயல்விழியிடம் என்னைக் கட்டிக்கொள்கிறாளா என்று கேட்டிருந்தேன்.

பெண் கேட்பது எனக்குப் புதிதல்ல. அவிநாசியிலிருந்து காங்கேயம்வரை தரகர்களுக்கு என் ஜாதகம் மனப்பாடம். பெண் வீட்டுக்காரர்கள் ஒருவர்கூட என்னிடம் ‘வேண்டாம்’ என்று சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் அப்படியெல்லாம் மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிட மாட்டார்கள். “சொல்லி அனுப்பறோமுங்க” என்பார்கள். சொல்லியும் அனுப்புவார்கள், அந்தப் பெண்ணின் கல்யாணப் பத்திரிகையாக. என் தொழிலிலும் இதே கதைதான். “மோட்டார் ஓடுதுங்களா?” என்று போனில் கேட்டால், “ஓடுதுங்க” என்பார் தோட்டக்காரர். பைக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், ஓடுகிறதுதான். தண்ணீர் மட்டும் வராது.

அதனால்தான் இந்தத் தடவை தரகரை விட்டுவிட்டு நானே கேட்டேன். குடம் நிரம்பி வழிந்தது. கயல்விழி குழாயை மூடினாள்.

“பேங்க்குல ட்ரெயினிங்குக்கு ஹைதராபாத் அனுப்பறாங்க. அம்மாவும் காங்கேயத்துக்கு அக்கா ஊட்டுக்குப் போகுது. வந்து சொல்றேனுங்க” என்றாள். இரண்டு எட்டு நடந்துவிட்டுத் திரும்பினாள். “அதுவரைக்கும் அந்தச் செடியப் பாத்துக்குங்க.”

“எப்படிங்க பாத்துக்கறது? நான் செடியெல்லாம் வெச்சதே இல்லீங்க.”

“ஒன்னுமே பண்ண வேண்டாமுங்க. மண்ணு காஞ்சா மட்டும் தண்ணி ஊத்துங்க. வெயில் வேண்டாம். சும்மா உட்டாலே வரும். அது சாகவே சாகாத செடிங்க.”

ஒன்றுமே பண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போன செடியை நான் என்ன பண்ணியிருந்தேன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

ஒயர் அறுந்தால் என்ன செய்வேனோ அதைத்தான் செய்தேன். இரண்டு முனைகளையும் சீவி, நேராக ஒட்டவைத்து, கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இழுத்துச் சுற்றினேன். நல்ல ஜாயின்ட். தொழில் சுத்தத்துக்குச் சர்டிபிகேட் கொடுக்கலாம். மறுநாள் பார்த்தேன், இலைகள் அப்படியே பச்சையாக இருந்தன. அதற்கு மறுநாளும். சப்ளை போகிறது என்று நினைத்துக்கொண்டேன். உற்சாகத்தில் தொட்டிக்குக் காலையில் ஒரு செம்பு, மாலையில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். அடிபட்ட உடம்புக்குத் தெம்பு வேண்டாமா?

வார முடிவில் என் தலையைத் தொடும் இலை மஞ்சளாகி, தலையைத் தொட்ட வேகத்திலேயே கழன்று என் சட்டைப் பைக்குள் விழுந்தது.

அன்று சபுரா அக்கா வராந்தாவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். தொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஏந்தம்பி, செடிக்கு அடி பட்டிருச்சா?”

“லேசாத்தானுங்க அக்கா.”

“கட்டெல்லாம் போட்டிருக்கீங்க.”

“ஆமாங்க. பொழைக்குமுங்களா?”

“பொழைக்கறதுக்கென்ன தம்பி. நல்ல மனசோட போட்டிருக்கீங்க.” துணியை உதறினார். “கட்டு ரொம்ப நீட்டா இருக்குது.”

இதுதான் நான் சொல்வது. டாக்டரிடம் போனால் டாக்டரும் இப்படியே சொல்லிவிட்டால் நோயாளி எங்கே போவான்? ஆனால் சபுரா அக்காவுக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. துணியெல்லாம் காயப்போட்டு முடித்ததும் உள்ளே போய் ஒரு கத்தரிக்கோலும் ஒரு காலி ஊறுகாய் பாட்டிலும் கொண்டுவந்து என் வாசல்படியில் வைத்தார்.

“கொடியில முட்டி முட்டியா இருக்குது பாருங்க, அதான் கணு. அதுக்குக் கீழ வெட்டி, கணு தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி வெச்சா வேர் உடும்னு சொல்லுவாங்க. எனக்கென்ன தெரியும், நீங்க படிச்சவங்க.”

படித்தவன் கணுவை மட்டும் கவனமாகக் கழித்துவிட்டு, இலையும் காம்புமாக வெட்டி ஒரு டம்ளரில் பூங்கொத்துபோல வைத்தான். பார்க்க அழகாக இருந்தது. வேர்தான் வரவில்லை. சபுரா அக்கா அதைப் பார்த்துவிட்டு, “இது ஷோவுக்கு வெச்சதா தம்பி?” என்று கேட்டார். இரண்டாம் தடவை சரியாக வெட்டினேன். அந்தத் துண்டுகளைச் சீக்கிரம் வளரட்டும் என்று மொட்டைமாடி வெயிலில் வைத்து, அவற்றின் இலைகளை அப்பளமாக்கினேன். மூன்றாம் தடவைதான் நிழலும் வெளிச்சமும் கலந்த வராந்தாக் கைப்பிடிச் சுவரில் வரிசையாக வைத்தேன். இத்தனைக்குப் பிறகும் மிச்சம் வெட்டக் கொடி இருந்தது. அந்த அளவுக்குப் பொறுமையான செடி அது.

பாட்டில் பற்றாக்குறை வந்தது. கம்பெனியில் என் கூட்டாளி பிரான்சிஸைக் கேட்டேன். அவன் ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து இறக்கினான். எல்லாம் குவார்ட்டர் பாட்டில்.

“என்னடா இது?”

“பாட்டல் கேட்டே, பாட்டல். ஹார்லிக்ஸ் குடிக்கற மூஞ்சியாடா எனக்கு?”

லேபிளைச் சுரண்டினேன், முழுசாக வரவில்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும் என்று பிரான்சிஸ் செல்போனில் பார்த்துச் சொன்னான். உப்புத் தண்ணீர் எதற்கு என்று சிறுவாணித் தண்ணீரையே ஊற்றினேன். எங்கள் வீதியில் ஒருவன் குடிக்கிற சிறுவாணித் தண்ணீரைக் குவார்ட்டர் பாட்டில்களில் அளந்து ஊற்றிக்கொண்டு நின்றால் என்ன நினைப்பார்கள் என்று நான் யோசிக்கவில்லை. அப்படி ஊற்றிக்கொண்டு நின்றபோது படியேறி வந்தவர் மாசாணியம்மாள். காங்கேயத்தில் பொழுது போகவில்லையாம், முன்னாலேயே வந்துவிட்டார்.

கையில் தேங்காய் எண்ணெய் டின்னோடு நின்று, கைப்பிடிச் சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார்.

“ஏனுங் கண்ணு, ஒடம்பெல்லாம் நல்லா இருக்குதுங்களா?”

“நல்லா இருக்கேனுங்கம்மா.”

“பாட்டல் நெறைய இருக்குதுங்களே.”

“செடிக்குங்கம்மா.”

“ஆமாமா, செடிக்குத்தான்.” கதவைத் திறந்தார். “எங்க ஊட்டுக்காரரும் மேலுவலிக்குன்னுதான் சொல்லிட்டு இருந்தாருங்க, கடைசி வரைக்கும்.”

பிறகு தொட்டியைப் பார்த்தார். டேப் சுற்றிய கட்டை, நான் காட்டிய பாசத்தில் அழுகி, தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. செல்போனை எடுத்து வெளிச்சம் பார்ப்பதுபோல அங்கும் இங்கும் காட்டிவிட்டு உள்ளே போனார். கயல்விழியின் பதில் என்னவாக இருந்திருந்தாலும் இனி அது ‘சொல்லி அனுப்பறோமுங்க’தான்.

ஆனால் வேர் வந்துவிட்டது. ஒரு காலையில் தண்ணீர் மாற்றும்போது, ஒரு கணுவிலிருந்து வெள்ளையாக, சேமியா நீளத்துக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. நான் ஒரு மோட்டாரை முதன்முதலில் தனியாகக் கட்டி ஓடவைத்தபோதுகூட அப்படிக் கத்தியதில்லை. சபுரா அக்கா மாவுக் கையோடு ஓடி வந்தார். மாசாணியம்மாள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். நான் பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன். குவார்ட்டர் பாட்டிலைத் தூக்கிக் காட்டுகிறோமே என்பது தூக்கிய பிறகுதான் உறைத்தது.

ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வேர்விட்டன. கயல்விழி ஒரு கொடியை விட்டுவிட்டுப் போனாள், ஒரு தோட்டத்தையே திருப்பிக் கொடுக்கலாம் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்த நிமிர்வு கீழ்வீட்டு ஈஸ்வரமூர்த்தி மாடி ஏறி வரும்வரை இருந்தது. வீட்டுக்காரர். வாடகையைக்கூடக் கேட்கக் கூச்சப்படுபவர்.

“ஏனுங்க கதிர், செடியெல்லாம் ஜம்முனு வந்திருக்குதுங்க.”

“ஒன்னு எடுத்துக்குங்க.”

அவர் இரண்டு அடி பின்வாங்கினார். “ஐயையோ, குடுத்து வாங்குனா வராதுங்களே. மணி பிளான்ட்டத் திருடித்தானுங்க வெக்கோணும்.”

அப்போதுதான் எனக்கு அந்த விஷயம் நினைவுக்கு வந்தது. மணி பிளான்ட்டைத் திருடி வைத்தால்தான் செழிக்கும், வீட்டில் காசு தங்கும். எங்கள் ஊரில் இதில் எல்லாருக்கும் நம்பிக்கை உண்டு. கயல்விழியே தன் செடியை பேங்க் மேனேஜர் ரூமிலிருந்து ஒடித்து ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டு வந்ததாகச் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறாள்.

ஈஸ்வரமூர்த்தி தொண்டையைச் செருமினார். “சாயங்காலம் ஊட்டுல இருப்பீங்களா? இல்லீன்னா சித்த வந்து… நீங்க தப்பா நெனக்கலீன்னா… ஒன்னத் திருடிக்கட்டுங்களா?”

“அதுக்கென்னங்க.”

“எத்தன மணிக்கு வந்தாத் தொந்தரவு இருக்காதுங்க?”

“ஆறு மணிக்குக் கடைக்குப் போவேனுங்க.”

ஆறு மணிக்கு நான் கடைக்குப் போக மறந்துவிட்டேன். ஈஸ்வரமூர்த்தி துவைத்த சட்டை போட்டுக்கொண்டு திருட வந்து நிற்கிறார், நான் வராந்தாவிலேயே நிற்கிறேன். இருவருக்கும் சங்கடம். “நீங்க சித்த அக்கட்டால திரும்பிக்குங்க” என்றார். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். பாட்டில் உரசும் சத்தம் கேட்டது. “பாத்து எறங்குங்க, மூணாவது படி ஒடஞ்சிருக்குது” என்று சுவரிடம் சொன்னேன். “சரீங்க, வாரேனுங்க” என்று விடைபெற்றுக்கொண்டு திருடர் போனார். படியைச் சரிபண்ணித் தருவதாக ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் சபுரா அக்கா. அவர் ஊறுகாய் பாட்டிலில் இருந்ததைத் திருடிக்கொண்டு, பிறகு பாட்டிலைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். பாட்டிலை வெறுமனே கொடுக்கக்கூடாது என்று உள்ளே நான்கு பேரீச்சம்பழம் போட்டிருந்தார். பிரான்சிஸ் வந்து இரண்டு திருடினான். வீட்டுக்கு ஒன்று, மாமியார் வீட்டுக்கு ஒன்று. “எம் பாட்டல்டா, திருட்டுன்னே சேராது” என்றான். பால்காரர் திருடினார். அயர்ன் கடைக்காரரின் மனைவி திருட வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். திரும்பி நிற்க ஆள் இல்லையே என்று தயங்கி, நான் தலை துவட்டிக்கொண்டு வெளியே வரும்வரை காத்திருந்து, என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.

ஒருவரிடமாவது ‘இல்லீங்க, இதெல்லாம் கயல்விழிக்கு வெச்சிருக்கறேன்’ என்று சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை. ஊரே நேராகப் பேசுவதில்லை என்று இவ்வளவு நேரம் குறைப்பட்டுக்கொண்டேனே, நான் மட்டும் எந்த ஊர்க்காரன்? ஒவ்வொருவருக்கும் “அதுக்கென்னங்க” என்று சொல்லிச் சொல்லிக் கைப்பிடிச் சுவர் காலியாகிவிட்டது. மாசாணியம்மாள் மட்டும் எதையும் தொடவில்லை. ஜன்னலுக்குள்ளிருந்து எல்லாத் திருட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக ஒன்றை மட்டும் எடுத்து, என் சமையலறை ஜன்னல் விளிம்பில், கம்பிக்கு உள்பக்கம் ஒளித்து வைத்தேன். இருந்ததிலேயே நல்ல துண்டு. ஐந்து இலை, தாடிபோல வேர். அதற்கென்றே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கி, ஹார்லிக்ஸை டப்பாவில் கொட்டிவிட்டு, அதில் வைத்தேன். கயல்விழியிடம் நடந்ததைச் சொல்லி, இதைக் கையில் கொடுத்து, அவள் என்ன சொல்கிறாளோ கேட்டுக்கொள்வது. இதுதான் திட்டம்.

அவள் வருவதாக இருந்த நாளன்று விடியலிலேயே மேட்டுப்பாளையத்திலிருந்து போன். பாக்குத் தோட்டத்தில் மோட்டார் ‘ஓடுதுங்க’. போய்ப் பிரித்துக் கட்டிவிட்டு, மத்தியானத்துக்கு மேல் திரும்பி வந்து ஜன்னலைப் பார்த்தேன். பாட்டில் இருந்த இடத்தில் ஈர வட்டம் மட்டும் இருந்தது.

சபுரா அக்கா கதவைத் தட்டினேன்.

“அக்கா, ஜன்னல்ல இருந்த செடியப் பாத்தீங்களா?”

“நான் தொடலைப்பா.”

“அப்ப யாருங்க?”

“யாரா இருந்தா என்ன தம்பி, நல்ல கைக்குத்தான் போயிருக்கும்” என்று சொல்லிவிட்டு, வாயை முந்தானையால் மூடிக்கொண்டார். கீழே ஈஸ்வரமூர்த்தி, “ஊட்டுல ஒன்னத் திருடுனவனுங்க நான், ரெண்டாவதுக்கு ஆசப்படுவனுங்களா?” என்று வருத்தப்பட்டார். அவரைச் சமாதானப்படுத்திவிட்டு மேலே ஏறினேன். மூன்றாவது படியில் இடறினேன்.

வராந்தாவில் கயல்விழி நின்றிருந்தாள். பயணக் களைப்பு இல்லை. தலைக்குக் குளித்து முடியை உலர்த்திக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வருகிறவள் எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்து குளித்தாள் என்று யோசிக்கக்கூட எனக்கு அப்போது புத்தி இல்லை. அவள் பார்வை காலித் தொட்டியில் இருந்தது.

“செடிய நாந்தானுங்க வெட்டிப்போட்டேன்” என்றேன். சுற்றி வளைக்காமல் வாழ்க்கையில் நான் பேசிய முதல் வாக்கியம்.

“தெரியுமுங்க.”

“தெரியுமுங்களா?”

“அம்மா போட்டோ அனுப்புச்சு. செடிக்கு இன்சுலேஷன் டேப் சுத்துனத ட்ரெயினிங்குல எல்லாத்துக்கும் காட்டுனேன். ஒருத்தர் எர்த் குடுத்திருக்காங்களான்னு கேட்டாரு.”

“உங்களுக்குன்னு ஒன்னே ஒன்னு வேர்விட்டு வெச்சிருந்தேனுங்க. அதையும் இன்னைக்கு எவனோ திருடிப்போட்டான்.”

“எவனோ இல்லீங்க” என்றாள். கதவை விரியத் திறந்தாள்.

அவர்கள் வீட்டு டிவி ஸ்டாண்டில் என் ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. பக்கத்தில் தரையில் ஹைதராபாத் பெட்டி, இன்னும் பிரிக்காமல்.

“காலைல ரயிலுக்கே வந்துட்டேன். நீங்க இல்ல. ஜன்னல் தெறந்து இருந்துது. கம்பிக்குள்ள கைய உட்டு எடுத்தேன், வளையல் கூட ஒன்னு ஒடஞ்சுபோச்சு.”

“உங்க செடிதானுங்களே. கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்.”

“என்ற செடி செத்துப்போச்சுங்க. அத நீங்க கொன்னுபோட்டீங்க. இது நீங்க வளத்துனது.” பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் வேரைப் பார்த்தாள். “கையில வாங்குனா வராது. இது நமக்கு நல்லா வரோணும்னு நெனச்சேன். அதான்.”

அந்த ‘நமக்கு’வில் யார் யார் சேர்த்தி என்று வேறு எவனாக இருந்தாலும் கண்டுபிடித்திருப்பான். ஆனால் எத்தனையோ கூடத்தில் உட்கார்ந்து, காரம் தின்று, காப்பி குடித்து, சிரித்த முகங்களைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தவன் நான். அந்தச் சிரிப்பை நம்பி வீட்டுக்குப் போய்க் கல்யாணச் சட்டை தைக்கக் கொடுத்த அனுபவமும் உண்டு.

“ஏனுங்க,” என்றேன். “அன்னைக்குக் குழாயடியில நான் ஒன்னு கேட்டேனுங்களே. நீங்க சொல்லி அனுப்ப வேண்டாம். இல்லைன்னாலும் பரவால்லீங்க. நேரா என்ற மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க.”

உள்ளே சமையலறையில் மாசாணியம்மாள் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. சபுரா அக்கா வீட்டுக் கதவு ஒரு விரற்கடை திறந்தது. கீழே மூன்றாவது படியில் யாரோ இடறும் சத்தமும், “ஒன்னுமில்லீங்க, நீங்க பேசுங்க” என்ற ஈஸ்வரமூர்த்தியின் குரலும் கேட்டன.

கயல்விழி பாட்டிலை டிவி ஸ்டாண்டில் வைத்தாள். என் பேன்ட் பையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

“உங்களக் கட்டிக்கிறேனுங்க. அந்தக் கட்டிங் பிளேயர மொதல்ல எங்கம்மா கையில குடுங்க.”